ராஜபாளையமா, சிப்பிப்பாறையா? எங்கள் வீட்டுக்கு எந்த நாய் ஒத்துவரும்?

வைகைக்கரையான் (ஞாயிறு, இரவு 9.40)

வணக்கம். இங்கே ரொம்ப நாளாகப் படிக்க மட்டும் செய்பவன், முதல் முறையாகக் கேட்கிறேன்.

மதுரையில் ஒத்தக்கடைப் பக்கம் 4 சென்ட்டில் சொந்த வீடு. சுற்றிலும் காம்பவுண்டுச் சுவர், நாலரை அடி. நான், மனைவி, 7 வயது மகள், அம்மா. அம்மாவுக்கு 68 வயது, மூட்டு வலி உண்டு. நான் காலை எட்டரைக்குக் கிளம்பினால் இரவு ஏழரைக்குத்தான் திரும்புவேன். மனைவி பகல் முழுக்க வீட்டில்தான்.

நாய் வளர்ப்பது என்று முடிவாகிவிட்டது. வெளிநாட்டு ஜாதி வேண்டாம் என்பதும் முடிவு. எதிர் வீட்டு ஹஸ்கி சித்திரை வெயிலில் பாத்ரூம் தரையை விட்டு எழாமல் கிடப்பதைப் பார்த்த பிறகு யாருக்கும் மனசு வரவில்லை. மிச்சம் இருப்பது இரண்டு. எனக்கு ராஜபாளையம். சின்ன வயதில் மாமா தோட்டத்தில் ஒன்று இருந்தது. அது நடந்து வந்தாலே ஊர் ஒதுங்கும். மனைவிக்குச் சிப்பிப்பாறை. "மெலிந்து, அழகாக, சத்தம் போடாமல் இருக்கிறது" என்கிறார். அம்மாவுக்கு எதுவும் வேண்டாம். மகளுக்கு எதுவானாலும் சரி, நாளைக்கே வேண்டும்.

இரண்டையும் வளர்த்தவர்கள் சொன்னால் நன்றாக இருக்கும்.

கரிசல்காட்டான் (ஞாயிறு, இரவு 10.15)

தம்பி, முதலில் அந்தச் சுவரைப் பற்றிப் பேசுவோம். நாலரை அடி என்பது சிப்பிப்பாறைக்குச் சுவரே இல்லை, திண்ணை.

நமக்குக் கோவில்பட்டிப் பக்கம். அப்பா காலத்திலிருந்து வீட்டில் சிப்பிப்பாறை உண்டு. இது முயல் வேட்டைக்கென்று வந்த நாய். மோப்பம் பிடித்துத் தேடாது, கண்ணால் பார்த்துத் துரத்தும். அசைகிற எதுவும் அதற்கு முயல்தான்: கோழி, பூனை, காற்றில் பறக்கிற பாலித்தீன் பை. ஓட ஆரம்பித்துவிட்டால் காது வேலை செய்யாது. நீங்கள் பெயர் சொல்லித் தொண்டை கிழியக் கத்தினாலும் அது முடித்துவிட்டுத்தான் திரும்பும். அதனால் ரோட்டில் கயிறு இல்லாமல் விடவே கூடாது. இங்கே அடிபட்டுச் சாகிற சிப்பிப்பாறைகளில் பாதிக்கு மேல் இப்படித்தான், வண்டி வருவது தெரியாமல் குறுக்கே பாய்ந்து.

வேட்டையெல்லாம் இப்போது கிடையாது. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி முயல் அடித்தால் ஜெயில். நாய்க்கு அந்தச் சட்டம் தெரியாது, அவ்வளவுதான்.

நல்லதையும் சொல்கிறேன். சாப்பாடு குறைவு. முடி கொட்டுவது பெயருக்குத்தான். நாற்றம் கிடையாது. காலையில் ஒரு கால் மணி நேரம் மூச்சு முட்ட ஓடவிட்டால் பகல் முழுக்கச் சுருண்டு கிடக்கும். பக்கத்து வீட்டில் யாராவது கோழி வளர்க்கிறார்களா? அதை முதலில் சொல்லுங்கள்.

ரெண்டாம்_மாடி (ஞாயிறு, இரவு 11.02)

கோயம்புத்தூரில் இரண்டாவது மாடி ஃபிளாட்டில் நாலு வருடமாகச் சிப்பிப்பாறை வைத்திருக்கிறேன். பெட்டை. ஃபிளாட்டா என்று எல்லாரும் திட்டினார்கள், பழகிவிட்டது.

எங்கள் நாள் இப்படி: காலை ஐந்தே முக்காலுக்கு இறங்கிவிடுவோம். தெரிந்தவர் ஒருவருடைய வேலி போட்ட காலி மனை இருக்கிறது, அங்கே கயிற்றைக் கழற்றினால் எட்டு போட்டு எட்டு போட்டு ஓடும். இருபது நிமிடம். ஏழு மணிக்குச் சோபா ஏறினால் மாலை ஐந்துக்குத்தான் இறங்கும். சோபாவை மறந்துவிடுங்கள் அண்ணா, அது இனி உங்களுடையது இல்லை. வேண்டுமென்றே செய்வதல்ல, உடம்பில் கொழுப்பே கிடையாது, எலும்பு தரையில் குத்துகிறது. மெத்தை இல்லாமல் வளர்த்தால் முழங்கை காய்த்துப்போகும்.

மார்கழியில் ஸ்வெட்டர் போடுகிறேன். மதுரைக்குத் தேவைப்படாது என்று நினைக்கிறேன்.

ஒரு தொல்லை மட்டும் சொல்லியாக வேண்டும். விலா எலும்பு தெரிவதுதான் இந்த ஜாதிக்கு ஆரோக்கியம். அதைப் பார்ப்பவர்கள் எல்லாரும் "சோறு போடுவதில்லையா?" என்பார்கள். கீழ் வீட்டுத் தாத்தா தினமும் ஒளித்து ஒளித்து ரஸ்க் போட்டு, மூன்று மாதத்தில் நாலு கிலோ ஏற்றிவிட்டார்.

வெள்ளையன்_அப்பா (திங்கள், காலை 6.20)

ராஜபாளையத்துக்கு யாரும் பேசவில்லையே, நான் பேசுகிறேன். தாம்பரம். வெள்ளையனுக்கு ஆறு வயது, கடுவன். இதற்கு முன் இருந்ததும் ராஜபாளையம்தான், பதின்மூன்று வயது வரை இருந்தான்.

இந்த நாயைப் பற்றிப் பாதிக் கதை பயத்தில் கட்டியது. வீட்டு ஆட்களிடம் அதன் குணம் வேறு. என் பெண் தவழ்கிற வயதில் அவன் காதைப் பிடித்துத்தான் எழுந்து நிற்கப் பழகினாள். தேவையில்லாமல் குரைக்க மாட்டான். எங்கள் தெருவில் இரவெல்லாம் குரைக்கிற நாய் ஒரு பொமரேனியன்தான்.

வரலாறும் சின்னதல்ல. 2005-ல் தபால்துறை இந்திய நாய்களுக்கு நாலு தபால்தலை வெளியிட்டபோது அதில் ராஜபாளையம் ஒன்று. கர்னாலில் இருக்கும் தேசிய விலங்கு மரபு வளப் பணியகம் நாய்களில் முதலில் பதிவு செய்த மூன்று இனங்களில் ராஜபாளையமும் சிப்பிப்பாறையும் உண்டு, மூன்றாவது கர்நாடகத்து முதோல். உங்கள் வீட்டில் நடக்கிற சண்டையின் இரண்டு கட்சியும் அந்தப் பட்டியலில் இருக்கிறது.

ஆனால் உழைப்பு வேண்டும். நான் குட்டியை ஒன்பதாவது வாரத்தில் எடுத்தேன். அடுத்த இரண்டு மாதம் என் வேலையே அவனுக்கு ஆட்களைக் காட்டுவதுதான். ஹெல்மெட் போட்டவர், குடை பிடித்தவர், பர்தா போட்டவர், தாடி வைத்தவர், தள்ளுவண்டிக்காரர், யூனிஃபார்ம் போட்ட பிள்ளைகள். ரயில்வே ஸ்டேஷன் வாசலில் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பேன். அதைச் செய்யாமல் தோட்டத்தில் கட்டிப்போட்டு வளர்த்த ராஜபாளையம்தான் உங்கள் மாமா வீட்டு நாய் போல ஊரை ஒதுங்க வைக்கும்.

அப்பு_வீடு (திங்கள், காலை 9.11)

முதல் நாய் என்றால் கண்ணை மூடிக்கொண்டு லேப்ரடார் எடுங்கள். குழந்தை, பாட்டி எல்லாருக்கும் சரி.

ரெண்டாம்_மாடி (திங்கள், காலை 9.30)

வெளிநாட்டு ஜாதி வேண்டாம் என்று முதல் பதிவிலேயே எழுதியிருக்கிறாரே. தவிர, அரை வயதுக் குட்டி லேப் ஆசையாக மேலே பாய்ந்தால் மூட்டு வலிக்கார அம்மா என்ன ஆவார்?

ஊசிக்காரர் (திங்கள், மதியம் 2.05)

கால்நடை மருத்துவர். தென் மாவட்டம். இரண்டு இனத்தையும் வாரம் தவறாமல் பார்க்கிறேன், அதனால் மருத்துவப் பக்கத்தை மட்டும் சொல்லிவிடுகிறேன்.

ராஜபாளையத்தில் கேட்க வேண்டிய முதல் கேள்வி காது. முழு வெள்ளை உடம்பு என்பது நிற அணுக்கள் இல்லாததால் வருவது. அதே அணுக்கள் உள்காதுக்கும் வேண்டும். அவை இல்லாமல் போனால் பிறந்த சில வாரங்களில் உள்காதின் உணர் செல்கள் அழிந்துவிடும். டால்மேஷனிலும் இதே கதைதான். இரண்டு காதும் போன குட்டியைக் கண்டுபிடித்துவிடலாம். ஒரு காது மட்டும் போனது வீட்டில் தெரியவே தெரியாது. குட்டி பார்க்கப் போகும்போது, தன் கூட்டத்தோடு இருக்கையில் கை தட்டிப் பார்க்காதீர்கள், மற்றதெல்லாம் திரும்புவதைப் பார்த்து அதுவும் திரும்பும். தனியாக, தூங்கும்போது, காற்றோ அதிர்வோ படாத தூரத்தில் சாவிக்கொத்தை ஆட்டிப் பாருங்கள். மூக்கு இளஞ்சிவப்பாக இருப்பதால் வெயிலில் தோல் வெந்துபோவதும் உண்டு. பகல் பதினொன்று முதல் நாலு வரை நிழல் கட்டாயம்.

சிப்பிப்பாறையில் பிறவிக் கோளாறு என்று பெரிதாகச் சொல்ல எதுவுமில்லை. தோல் மெல்லியது, முள்ளில் மாட்டினால் துணி மாதிரி கிழியும், மாதம் ஒன்றாவது தைக்கிறேன். கருத்தடைக்குப் போகும்போது டாக்டரிடம் இது என்ன ஜாதி என்று சொல்லிவிடுங்கள். சதைப்பற்றில்லாத இந்த உடல்வாகில் சில மயக்க மருந்துகள் இறங்க நேரமாகும். இதே உடல்வாகுள்ள வெளிநாட்டு ரேஸ் நாயான கிரேஹவுண்டில் இது நன்றாகத் தெரிந்த விஷயம்.

இரண்டுக்கும் பொது: எட்டு வாரம் ஆகாத குட்டியை வாங்காதீர்கள். 2017 நாய் வளர்ப்பு, விற்பனை விதிகளின்படி விற்பதே தப்பு. சந்தையில் "முப்பது நாள் குட்டி, பால் மறந்துவிட்டது" என்று நீட்டுவார்கள். பார்வோ என்கிற வைரஸ் நோய் வந்து என் மேஜையில் செத்துப்போகும் குட்டிகளில் பெரும்பாலானவை அதுதான்.

பேராண்டி (திங்கள், மாலை 4.48)

சிப்பிப்பாறை என்று நீங்கள் எல்லாரும் சொல்வதில் பாதி கன்னி நாய். கறுப்பில் காலும் புருவமும் செவலையாக இருந்தால் அது கன்னி. பொண்ணுக்குச் சீராகக் கொடுத்த நாய், அதனால்தான் அந்தப் பெயர்.

கரிசல்காட்டான் (திங்கள், மாலை 5.10)

பேராண்டி, ஒரே ஈத்தில் சாம்பலும் செவலையும் கறுப்புக் கன்னியும் விழுந்து நான் பார்த்திருக்கிறேன். நிறத்துக்கு ஒரு ஜாதி வைத்தால் எங்கள் ஊரில் ஏழு ஜாதி ஆகிவிடும்.

பேராண்டி (திங்கள், மாலை 5.14)

உங்கள் ஊரில் கலந்துவிட்டீர்கள் என்று சொல்லுங்கள். ரேஸுக்காகக் கிரேஹவுண்டையும் சேர்த்துக் கலந்தது யார்?

கரிசல்காட்டான் (திங்கள், மாலை 5.31)

அந்தக் கலப்பு நடந்தது உண்மை. நான் செய்யவில்லை. தம்பி, வாங்கப் போகும்போது இதையும் பார்த்துக்கொள்ளுங்கள்: தொடைச் சதை புடைத்து, நெஞ்சு ஆழமாக இறங்கி, ரொம்பப் பளபளப்பாக இருந்தால் கேள்வி கேளுங்கள். தாயையும் தகப்பனையும் காட்டச் சொல்லுங்கள். காட்டாதவனிடம் வாங்காதீர்கள்.

நெறியாளர் (திங்கள், மாலை 6.00)

கன்னி வேறா, சிப்பிப்பாறை வேறா என்பதற்கு ஏற்கெனவே நாற்பது பக்க இழை ஒன்று இருக்கிறது. அங்கே போய் அடித்துக்கொள்ளவும்.

வெள்ளையன்_அப்பா (திங்கள், இரவு 8.25)

வைகைக்கரையான், ஒரு கேள்வி. முதல் பதிவிலேயே கேட்டிருக்க வேண்டும். உங்கள் வீட்டு கேட் ஒரு நாளைக்கு எத்தனை முறை திறக்கும்? யார் திறப்பார்கள்?

வைகைக்கரையான் (திங்கள், இரவு 9.15)

இத்தனை பேர் இவ்வளவு எழுதுவீர்கள் என்று எதிர்பார்க்கவில்லை, நன்றி. டாக்டர் சொன்ன சாவிக்கொத்து விஷயம் குறித்துக்கொண்டேன்.

கரிசல்காட்டான் அண்ணாச்சி, பின்பக்கத்து வீட்டில் பத்துப் பதினைந்து நாட்டுக்கோழி உண்டு. சுவருக்கு அந்தப் பக்கம்தான் மேயும்.

கேட் என்றால்... பால், பேப்பர், தண்ணீர்க் கேன், அப்புறம் மனைவி மாலையில் டியூஷன் எடுக்கிறார். ஐந்து மணி முதல் ஏழரை வரை. இரண்டு பேட்ச், மொத்தம் பதினான்கு பிள்ளைகள். அவர்களே கேட்டைத் திறந்துகொண்டு வருவார்கள், போவார்கள். சைக்கிளை உள்ளே விடுவார்கள். கூட்டிப்போக அப்பா அம்மா வருவார்கள். எண்ணிப் பார்த்தால் ஒரு நாளைக்கு முப்பது நாற்பது முறை திறக்கும்.

வெள்ளையன்_அப்பா (திங்கள், இரவு 9.32)

அப்படியானால் ராஜபாளையம் வேண்டாம். நானே சொல்கிறேன்.

கரிசல்காட்டான் (திங்கள், இரவு 9.34)

இந்தப் பதினான்கு பிள்ளைகளை முதல் பதிவில் எங்கே ஒளித்து வைத்தீர்கள்?

வைகைக்கரையான் (திங்கள், இரவு 9.50)

அது வீட்டில் தினமும் நடப்பது, நாயோடு சேர்த்து யோசிக்கத் தோன்றவில்லை. வெள்ளையன் அப்பா சார், குட்டியிலிருந்தே பழக்கினால் சரியாகிவிடும் என்று நீங்கள்தானே சொன்னீர்கள்? டியூஷன் நேரத்தில் மட்டும் பின்னால் கட்டிப்போட்டால்?

வெள்ளையன்_அப்பா (திங்கள், இரவு 10.20)

சொன்னேன். ஆனால் நான் பழக்கியது தெருவில் வருகிற போகிற ஆட்களை. வீட்டுக்குள் வருகிறவர்களை அல்ல. இரண்டும் வேறு.

வெள்ளையனோடு நான் எங்கே வேண்டுமானாலும் போவேன். ஆனால் என் கேட்டைத் தாண்டி என் பெயர் சொல்லாமல் ஒருவர் கால் வைத்தால், அவன் எழுந்து நிற்பான். குரைக்க மாட்டான், உறும மாட்டான், வந்து குறுக்கே நிற்பான். வந்தவர் அப்படியே நின்றால் ஒன்றும் இல்லை. பயந்து ஓடினால்? சைக்கிளைப் போட்டுவிட்டு ஒரு பத்து வயதுப் பையன் கத்திக்கொண்டு ஓடினால்? எனக்குத் தெரியாது. ஆறு வருடம் வளர்த்தும் தெரியாது. அதனால்தான் எங்கள் கேட்டுக்குப் பூட்டு, பூட்டுக்கு வெளியே மணி. ஒரு நாளைக்கு நாலு முறை திறக்கும், நாலு முறையும் நானோ மனைவியோ போய்த் திறப்போம்.

புதிதாகச் சேருகிற பிள்ளை, விடுமுறைக்கு வந்த அதன் சித்தப்பா பையன், கூட்டிப்போக வந்த தாத்தா, இவர்கள் எல்லாரையும் அது "நம்ம ஆள்" என்று கணக்கு வைத்துக்கொள்ள வேண்டும். காவல் நாயிடம் இதைக் கேட்பது நியாயமில்லை. அது தன் வேலையைச் சரியாகச் செய்தாலே உங்களுக்குப் போலீஸ் ஸ்டேஷன்தான்.

ஊசிக்காரர் (திங்கள், இரவு 10.41)

கட்டிப்போடுவது பற்றி. தினமும் அதே நேரம், அதே சத்தம், அதே பிள்ளைகள், நாய் மட்டும் சங்கிலியில். ஒரு வருடத்தில் அந்த நாய்க்குப் பிள்ளைகள் என்றாலே சங்கிலிதான் ஞாபகம் வரும். ஒரு நாள் கொக்கி கழன்றால் போதும். இப்படிக் கடிபட்ட பிள்ளையோடு வந்து, "எப்போதும் கட்டித்தான் வைப்போம் டாக்டர்" என்று சொன்ன குடும்பங்களைப் பார்த்திருக்கிறேன்.

தெருவோரத்_தோழி (செவ்வாய், காலை 7.05)

இவ்வளவு நேரம் படித்துக்கொண்டு மட்டும் இருந்தேன். பதினான்கு பிள்ளைகள் புழங்கும் வீட்டுக்கு ஊர் நாயைவிடப் பொருத்தமானது எது? பிறந்ததிலிருந்து ஆயிரம் காலுக்கு நடுவில் வளர்ந்தது. வெயில் தாங்கும், நோய் தாங்கும். மதுரையில் தத்துக் கொடுப்பவர்கள் இருக்கிறார்கள், கருத்தடையும் ஊசியும் போட்டே தருவார்கள். ஜாதிதான் வேண்டும் என்று ஏன் இந்தப் பிடிவாதம்?

வைகைக்கரையான் (செவ்வாய், காலை 8.10)

பிடிவாதம் என்று சொன்னால் ஒப்புக்கொள்கிறேன் அக்கா. மாமா தோட்டத்து நாய் நாற்பது வயதிலும் கண்ணுக்குள் நிற்கிறது, அதை எப்படி விளக்குவது என்று தெரியவில்லை. நேற்று ராத்திரி வெள்ளையன் அப்பா எழுதியதைப் படித்துவிட்டு மனைவியிடம் எதுவும் சொல்லாமல் படுத்துவிட்டேன். அவர் ஏற்கெனவே படித்துவிட்டார் என்பது காலையில் காபி கொடுத்த விதத்திலேயே தெரிந்தது.

தெருவோரத்_தோழி (செவ்வாய், காலை 8.22)

சரி, ஆசையைக் குறை சொல்ல மாட்டேன். குட்டிதான் வேண்டும் என்ற பிடிவாதத்தையாவது விடுங்கள். வளர்ந்த நாயாக எடுத்தால் குணம் என்ன என்று கண்ணால் பார்த்து எடுக்கலாம். குட்டியிடம் பார்க்க என்ன இருக்கிறது, எல்லாக் குட்டியும் அழகுதான்.

கரிசல்காட்டான் (செவ்வாய், மதியம் 1.00)

தோழி சொன்னது நல்ல யோசனை, நானே சொல்ல நினைத்தது. எங்கள் பக்கம் ரேஸுக்கென்று வளர்ப்பவர்கள் ஒன்றரை, இரண்டு வயதில் நாய்களைக் கழித்துவிடுவார்கள். வேகம் பத்தாது, அல்லது துரத்துவதில் அக்கறை இல்லை. ரேஸ்காரனுக்குச் சோம்பேறி நாய், வீட்டுக்கு நல்ல நாய். எனக்குத் தெரிந்தவரிடம் அப்படி ஒரு பெட்டை இருக்கிறது, மயிலை நிறம், ஒன்றே முக்கால் வயது. வந்து பாருங்கள். பிடிக்கவில்லை என்றால் கோவில்பட்டிக் கடலைமிட்டாய் வாங்கிக்கொண்டு திரும்புங்கள்.

பிள்ளைகள் விஷயத்தில் சிப்பிப்பாறை என்ன செய்யும் என்றும் சொல்லிவிடுகிறேன். கூட்டம் வந்தால் அது எழுந்து இன்னொரு அறைக்குப் போய்விடும். அந்நியரிடம் ஒட்டாது, முறைக்காது. "இவர்கள் எப்போது போவார்கள்" என்று ஒரு பார்வை, அவ்வளவுதான். ஒதுங்குவதற்கு ஓர் இடம் மட்டும் வேண்டும். அது தூங்கும்போது ஒரு பிள்ளையும் போய்த் தொடக் கூடாது, திடுக்கிட்டு எழுந்தால் பல் படும். அதை உங்கள் வீட்டம்மா டியூஷன் பிள்ளைகளுக்கு வாய்ப்பாடு மாதிரிச் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

கோழிக்கு என்னிடம் பதில் இல்லை. சுவரை உயர்த்துங்கள்.

வைகைக்கரையான் (அடுத்த திங்கள், இரவு 9.05)

ஞாயிற்றுக்கிழமை குடும்பத்தோடு போய் வந்தோம். வழியில் ராஜபாளையத்துக்கும் ஒரு நடை. என் ஆசைக்காக, பார்க்க மட்டும்.

அங்கே ஒரு தோட்ட வீட்டில் இரண்டு வயதுக் கடுவன். சத்தியமாகச் சொல்கிறேன், என்ன ஓர் உருவம். கேட்டுக்கு வெளியே நின்று மணி அடித்தோம். அது குரைக்கவில்லை. கம்பிக்கு அந்தப் பக்கம் வந்து நின்று எங்கள் நாலு பேரையும் ஒவ்வொருவராகப் பார்த்தது. வீட்டுக்காரர் வந்து கழுத்தில் கை வைக்கும் வரை நகரவில்லை. மகள் என் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். வெள்ளையன் அப்பா எழுதியது அத்தனையும் அந்த அரை நிமிடத்தில் புரிந்தது. அந்த நாயை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்து, நாளைக்கு நாற்பது முறை கேட் திறக்கிற சத்தத்தைக் கேட்கவைத்தால் அதற்குப் பைத்தியம் பிடித்துவிடும்.

பிறகு அண்ணாச்சி ஊர். மயிலைப் பெட்டை கட்டிலுக்கு அடியில் படுத்திருந்தது. நாங்கள் போய் உட்கார்ந்து பத்து நிமிடம் ஆகியும் வெளியே வரவில்லை. அம்மா மூட்டு வலியில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார். அது மெதுவாக வந்து அவருடைய பாதத்தை முகர்ந்துவிட்டு, திரும்பக் கட்டிலுக்கு அடியில் போய்விட்டது. நாய் வேண்டவே வேண்டாம் என்ற அம்மா, "இது தன் பாட்டுக்கு இருக்கும் போல" என்றார்.

சுவரை ஐந்தரை அடியாக்கி, அதற்கு மேல் கம்பி வலை இரண்டடி போட ஆள் சொல்லியிருக்கிறேன். 18,000 ரூபாய் கேட்கிறார். நாய்க்குக் கொடுத்தது 4,000. இந்தக் கணக்கை மனைவியிடம் நான் சொல்லவில்லை, அவராகவே கூட்டிக்கொண்டார்.

வெள்ளையன்_அப்பா (அடுத்த திங்கள், இரவு 9.20)

நல்ல முடிவு. எப்போதாவது தாம்பரம் பக்கம் வந்தால் வீட்டுக்கு வாருங்கள். மணி அடித்துவிட்டு நில்லுங்கள்.

வைகைக்கரையான் (ஐந்து மாதம் கழித்து, சனி, மாலை 4.30)

இழையைத் திரும்பத் தூக்குவதற்கு மன்னிக்கவும். இடையில் இரண்டு பேர் தனிச்செய்தியில் "என்ன ஆச்சு" என்று கேட்டார்கள், அதனால் இங்கேயே எழுதுகிறேன்.

மயிலா (மகள் வைத்த பெயர்) வந்து நாலரை மாதம் ஆகிறது. முதல் மூன்று வாரம் சரியாகச் சாப்பிடவில்லை. ராத்திரியில் கேட் பக்கம் முகத்தை வைத்துப் படுத்துக்கொள்ளும், அது மட்டும் பார்க்கக் கஷ்டமாக இருந்தது. சாப்பாடு இப்போது கேழ்வரகுக் களி, தயிர், இரண்டு முட்டை, ஒரு நாள் விட்டு ஒரு நாள் கோழி, எலும்பு எடுத்துவிட்டு. மாதம் மூவாயிரத்துக்குள் முடிகிறது.

காலை ஐந்தே முக்காலுக்கு நான் எழுந்துகொள்கிறேன் என்பதைச் சொன்னால் அலுவலகத்தில் யாரும் நம்பவில்லை. ரெண்டாம் மாடி அக்கா சொன்ன மாதிரி வேலி போட்ட இடம் தேடி ஒரு மாதம் அலைந்தேன். கடைசியில் நண்பனின் செங்கல் சூளைக்குப் பக்கத்தில் ஒரு காலி இடம். ஞாயிறு மட்டும் தவறும், அன்றைக்குப் பகலில் செருப்பு ஒன்று போகும்.

டியூஷன் நேரத்தில் மாடி அறைக்கு ஏறிவிடுகிறது. பிள்ளைகள் முதல் வாரம் பார்க்கத் துடித்தார்கள், இப்போது அவர்களுக்கும் அது ஒரு சாமான் மாதிரி ஆகிவிட்டது. ஒரே ஒரு பையனிடம் மட்டும் தானாக வந்து நிற்கிறது. அவன் ஒரு வார்த்தை பேசாத பையன்.

இப்போது கெட்ட செய்தி. கோழி ஒன்று போய்விட்டது.

சுவர் உயர்த்தியாகிவிட்டது, வலையும் போட்டாகிவிட்டது. ஆனால் பின்பக்கம் துணி துவைக்கிற கல் சுவரை ஒட்டி இருந்ததை யாருமே யோசிக்கவில்லை. கல்லின் மேல் ஒரு கால், பக்கத்தில் தண்ணீர்த் தொட்டி விளிம்பில் ஒரு கால், வலை முடிகிற மூலையில் ஒரு பாய்ச்சல். மனைவி பார்த்துக்கொண்டே இருக்கும்போது நடந்தது, மூன்று நொடி. போய்க் கழுத்தைப் பிடிப்பதற்குள் முடிந்துவிட்டது. துரத்துவதில் அக்கறை இல்லாத நாய் என்று சொன்னார்கள், அண்ணாச்சி.

பக்கத்து வீட்டு அக்கா சண்டைக்கு வரவில்லை, அதுவே கூச்சமாக இருந்தது. முட்டையிடுகிற பெட்டைக் கோழி, 700 ரூபாய் கொடுத்தேன், 500 மட்டும் வாங்கிக்கொண்டார். கல்லைப் பெயர்த்து நடுவில் போட்டுவிட்டோம்.

கரிசல்காட்டான் (சனி, மாலை 5.02)

ரேஸில் அக்கறை இல்லை என்றுதான் சொன்னேன் தம்பி. கோழியில் இல்லை என்று சொல்லவில்லை. தொட்டியையும் நகர்த்துங்கள், இன்னொரு முறை கல் இல்லாமலேயே ஏறிப் பார்க்கும். ருசி கண்டுவிட்டது.

ஊசிக்காரர் (சனி, மாலை 6.15)

கருத்தடை ஆகிவிட்டதா? உண்ணிக்கு என்ன கொடுக்கிறீர்கள்? சூளைப் பக்கம் புல்லில் ஓடவிடுகிறீர்கள் என்றால் உண்ணிக் காய்ச்சலைக் கவனியுங்கள். ஒரு வேளை சாப்பிடாமல் சோர்ந்து படுத்தால் மறுநாள் வரை காத்திருக்காதீர்கள்.

வைகைக்கரையான் (சனி, மாலை 6.40)

கருத்தடை போன மாதம் முடிந்தது டாக்டர். முதலில் போன கிளினிக்கில் ஜாதியைச் சொன்னதும் "எல்லா நாய்க்கும் ஒரே மருந்துதான்" என்றார்கள், வெளியே வந்துவிட்டேன். இரண்டாவது இடத்தில் எடை பார்த்து, ரத்தப் பரிசோதனை செய்து, மயக்கம் தெளியும் வரை போர்வை போர்த்திப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தார்கள். உண்ணிக்கு மாதம் ஒரு மாத்திரை. தினமும் ராத்திரி அம்மா காதுக்குள்ளும் விரலிடுக்கிலும் தடவிப் பார்த்துவிடுகிறார். அதற்காக அது அவர் கட்டிலில்தான் படுத்திருக்க வேண்டும் என்று சொல்கிறார்.

ரெண்டாம்_மாடி (சனி, இரவு 8.00)

சோபா என்ன ஆச்சு?

வைகைக்கரையான் (சனி, இரவு 8.04)

நாங்கள் பாயில் உட்கார்ந்துதான் டிவி பார்க்கிறோம்.